கட்டுச்சோறும் சிம்பியூட்டரும்: பெட்டிக்குள் பொதிந்த கணினியின் வரலாறு



ரவாங் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சாலை நெரிசலும் புதுப்புது வீடமைப்புப் பகுதிகளும்தான். ஆனால் மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டதாகப் பதிவாகியிருப்பது இந்த ஊரில்தான். 1894ஆம் ஆண்டு லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தை நடத்த இங்கே ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரப் பம்பு வைத்துச் சுரங்கத் தண்ணீரை இறைத்த முதல் ஆட்கள் அவர்கள்தாம். தம்புசாமிப் பிள்ளை யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் "பத்துமலை" என்பார்கள். மின்சாரம் என்று சொல்கிறவர் குறைவு.

அந்தக் காலத்துப் பம்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். தண்ணீர் ஏறினால் ஓட விடணும், இறங்கினால் நிறுத்தணும், சூடேறினால் கவனிக்கணும். இன்று அந்த ஆளின் இடத்தில் நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. சலவை இயந்திரத்தில் அது உண்டு. காரில் பல உண்டு. வீட்டுக் கூடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியிலும் உண்டு. இப்படி ஒரு கருவிக்குள் அடங்கி, அந்தக் கருவியின் வேலையை மட்டும் பார்க்கும் கணினியை உட்பொதி அமைப்பு என்கிறோம்.

சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம், தேர்வுக்கும் உதவும். உள் + பொதி = உட்பொதி. 'முள் + செடி = முட்செடி' போல நிலைமொழியின் ளகரம் டகரமாகத் திரிந்திருக்கிறது. 'பொதி அமைப்பு' என்பது வினைத்தொகை. பொதிந்த, பொதிகின்ற, பொதியும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். பொதி என்றால் மூடிக் கட்டுவது. பொதிசோறு, பொதிமாடு எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவைதாம். சோற்றுக்கு மறுபடியும் வருகிறேன்.

ஒரு மாணவனின் பொழுதுபோக்கு

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். செப்டம்பரில் அதன் முதல் வடிவம் வெளியானது. அதுதான் லினக்ஸ். மேசைக் கணினிக்காக எழுதியது. 386 என்ற சில்லைத் தவிர வேறு எதிலும் ஓடாது என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

அடுத்த ஆண்டே அவர் அதைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். வரலாற்றைத் திருப்பியது இந்த உரிமம் என்பது என் கருத்து. யார் வேண்டுமானாலும் நிரலை எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை: யாருக்கு அதைக் கொடுக்கிறாயோ, அவருக்கு அதன் மூல நிரலும் கிடைக்க வேண்டும். சமையலைக் கொடுத்தால் செய்முறையையும் கொடு என்பது போல.

அதுவரை உட்பொதி அமைப்பு செய்கிற நிறுவனங்களுக்கு இரண்டு வழிதான் இருந்தது. தாங்களே ஒரு சின்ன இயங்குதளத்தை எழுதிக்கொள்வது. இல்லையென்றால் விஎக்ஸ்வொர்க்ஸ் போன்ற ஒன்றை விலைக்கு வாங்கி, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமத்தொகை கட்டுவது. லினக்ஸ் மூன்றாவது வழி. 1994இல் ரசல் கிங் என்பவர் அதை ஆர்ம் வகைச் சில்லுகளுக்கு மாற்றத் தொடங்கினார். 1998இல் வந்த யூசிலினக்ஸ், நினைவக மேலாண்மைப் பகுதி இல்லாத மிகச் சிறிய சில்லுகளிலும் அதை ஓட வைத்தது. மேலிருந்து யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. தேவைப்பட்டவர்கள் தேவைப்பட்ட திசையில் இழுத்துப் போனார்கள்.

கட்டுச்சோறு

இந்த அமைப்பை எப்படிக் கட்டுகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பாங்க. நான் கட்டுச்சோற்றை வைத்துத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் பால்மரக் காட்டுக்குப் போகிறவர் அடுப்பையும் அம்மியையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார். சமையல் முழுக்க வீட்டில் முடியும். காட்டுக்குப் போவது ஒருவேளைச் சாப்பாடு மட்டும், தூக்குச்சட்டிக்குள் அடங்குகிற அளவில். உட்பொதி லினக்ஸும் அப்படியே. சின்னச் சில்லில் நிரலைத் தொகுக்க இடமும் இருக்காது, வேகமும் போதாது. அதனால் பெரிய கணினியில் உட்கார்ந்து, அந்தச் சின்னச் சில்லுக்குப் புரிகிற மொழியில் நிரலைத் தொகுத்து, ஒரே பொதியாகக் கட்டி, கருவியின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். இதற்குக் குறுக்குத் தொகுப்பு என்று பெயர்.

பொதிக்குள் மூன்று பொருள் இருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் தொடக்க நிரல். அது எழுப்பிவிடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. பிறகு கெர்னலுக்கு வேண்டிய கோப்புகளும் கருவிக்கே உரிய செயலியும் அடங்கிய கோப்பு அமைப்பு. இந்த மூன்றாவதுதான் பெருத்துப்போகும். அதைச் சுருக்கியவர்களில் புரூஸ் பெரன்ஸ் முக்கியமானவர். ஒரே நெகிழ்வட்டுக்குள் டெபியன் லினக்ஸின் நிறுவல் கருவிகளை அடக்குவதற்காக 1990களின் நடுவில் அவர் எழுதிய பிசிபாக்ஸ், தனித்தனியாக இருந்த பல கட்டளைகளை ஒரே நிரலுக்குள் சேர்த்துவிட்டது. காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் ஒரே அரிவாள்மனை போதும் இல்லையா, அது மாதிரி. பிற்காலத்தில் எண்ணற்ற வைஃபை பெட்டிகளுக்குள் பிசிபாக்ஸ் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று பில்ட்ரூட், யோக்டோ என்ற கருவிகள் பொதி கட்டும் வேலையைப் பெருமளவு தாமே செய்துவிடுகின்றன.

எல்லா இடத்துக்கும் லினக்ஸ் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. காரின் காற்றுப்பை விபத்து நேர்ந்த கணத்தில் விரிய வேண்டும். "கொஞ்சம் பொறு, வேறு வேலை இருக்கிறது" என்று சொல்லும் இயங்குதளம் அங்கே ஆகாது. குறித்த நேரத்துக்குள் பதில் தருவதற்கான திருத்தங்கள் லினக்ஸின் பொதுக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்ததே 2024இல்தான். ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு. ஆனாலும் 2021இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் லினக்ஸில்தான் ஓடியது. அதைச் சுமந்து போன பெர்சிவெரன்ஸ் ஊர்தியில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட ஹெலிகாப்டர் 72 முறை பறந்தது.

நீலப் பெட்டியின் கதை

2002ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் நீலமும் கறுப்புமான ஒரு வைஃபை பெட்டியை விற்கத் தொடங்கியது. டபிள்யூஆர்டி54ஜி என்பது அதன் பெயர். 2003இல் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை வாங்கியது. அதே ஆண்டு, பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதை ஆர்வலர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் என்றால் உரிமம் உண்டே! செய்முறை எங்கே என்று கேட்டார்கள். நிறுவனம் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. கடையில் வாங்கிய பெட்டியின் பழைய பொதியை எடுத்துவிட்டு, தங்களுக்குப் பிடித்த பொதியைக் கட்டி உள்ளே வைத்தார்கள். நிறுவனம் கைவிட்ட பழைய பெட்டிகளுக்கும் புது உயிர் வந்தது. அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2005இல் நிறுவனம் செலவைக் குறைக்க நினைத்து, நினைவகத்தைப் பாதியாக வெட்டி, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸைப் போட்டது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். உடனே பழைய அமைப்பிலேயே, பெயரின் கடைசியில் ஓர் 'எல்' சேர்த்து, இன்னொரு பெட்டியும் விற்பனைக்கு வந்தது. அந்த 'எல்' லினக்ஸுக்கு உரியது. திறந்து பார்க்க முடிகிற பெட்டிக்குத் தனிச் சந்தை உண்டு என்று ஒரு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி.

பெங்களூரில் நால்வர்

நம் கதைக்கு வருவோம். 1998இல் பெங்களூரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி நடந்த கூட்டம் ஒன்றில் ஓர் எண்ணம் பிறந்தது: எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய, கையடக்கமான, விலை குறைந்த ஒரு கணினி. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் சாப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவர் குழுவினரும் சேர்ந்து சிம்பியூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் முதல் வடிவத்தை உலகுக்குக் காட்டினார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. தொடுதிரை. 206 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. உள்ளே லினக்ஸ். ஐபோன் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் இது! இலக்கு விலை ஏறத்தாழ 9,000 ரூபாய், அன்றைய கணக்கில் 200 அமெரிக்க டாலருக்குள். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமத்தொகை கேட்கும் இயங்குதளத்தை வைத்திருந்தால் அந்த விலையை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஆனால் 9,000 ரூபாய் கூட ஒரு கிராமத்துக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. பெட்டியில் ஒரு ஸ்மார்ட் கார்டு துளை வைத்தார்கள். ஊருக்கு ஒரு பெட்டி இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு அட்டை. தன் அட்டையைச் செருகினால் தன் விவரங்களோடு பெட்டி தன்னுடையதாகிவிடும், எடுத்துவிட்டால் அடுத்தவருக்குப் போகும். கணினியைச் சொந்தப் பொருளாக இல்லாமல் ஊர்க் கிணறு மாதிரி நினைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்காக, இந்திய மொழி எழுத்துகளைக் குரலாக மாற்றி வாசிக்கும் 'த்வனி' என்ற நிரலையும் உருவாக்கினார்கள்.

வன்பொருளையும் அவர்கள் பூட்டி வைக்கவில்லை. லினக்ஸின் உரிமத்தைப் பார்த்து, சிம்பியூட்டருக்கென்றே ஒரு பொது உரிமம் எழுதினார்கள். வரைபடத்தை எடுத்து யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்; வணிகத்துக்கு என்றால் அறக்கட்டளைக்குக் கட்டணம் உண்டு; செய்த மேம்பாட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் திருப்பித் தர வேண்டும். திறந்த வன்பொருள் என்ற பேச்சே அதிகம் கேட்காத காலம் அது. 2001ஆம் ஆண்டு முடிவில், அந்த ஆண்டின் மிக முக்கியமான கணினிப் புத்தாக்கம் என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் புரூஸ் ஸ்டெர்லிங் சிம்பியூட்டரைக் குறிப்பிட்டார்.

பெட்டி கடைக்கு வர மட்டும் மூன்று ஆண்டு பிடித்தது. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் வெளிவந்தது. கையை லேசாக ஆட்டினால் பக்கம் புரளும் வசதிகூட அதில் இருந்தது. ஆனால் விற்பனை? 50,000 என்று எதிர்பார்த்த இடத்தில், 2005 வரை விற்றது ஏறக்குறைய 4,000.

ஏன் தோற்றது? லினக்ஸால் என்று சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். சிம்பியூட்டர் தயாராகிக்கொண்டிருந்த அந்த மூன்று ஆண்டில் இந்தியாவில் கைப்பேசி பரவிவிட்டது. 2003இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே ஆண்டு நோக்கியா 1100 போன்ற மலிவான கைப்பேசியும் வந்தது. மீனவரும் விவசாயியும் முதலில் கேட்டது கணினி இல்லை, பேசுவதற்கு ஒரு கருவி. அமிடாவோ அடிப்படையில் பேச முடியாத கணினி. அரசாங்கமும் மொத்தமாக வாங்க முன்வரவில்லை. எண்ணிக்கை ஏறாமல் விலை இறங்காது, விலை இறங்காமல் எண்ணிக்கை ஏறாது. காலம் தவறிய நல்ல யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. 2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தபோது அதன் அடியில் இருந்ததும் அதே லினக்ஸ் கெர்னல்தான்.

தமிழ் எங்கே நின்றது

2001இல் சிம்பியூட்டர் அறிமுகமான அதே ஆண்டு, ஆகஸ்டில், தமிழ் இணையம் 2001 மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எந்தக் குறியாக்கம், எந்த விசைப்பலகை என்று நம்மவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலம். மேசைக் கணினியில் தமிழ் வேண்டுமென்றால் எழுத்துருவை நாமே நிறுவிக்கொள்ளலாம். கைக்குள் அடங்கும் மூடிய பெட்டியில் அது முடியாது. தயாரித்தவர் மனது வைத்தால்தான் தமிழ். இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு அந்தச் சுவரோடு மோதியவர் முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் அவருடையது என்பது நமக்குத் தெரியும். கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த செல்லினத்தை அவர் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிட்டார். செல்லினம் திறந்த மூலம் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மூடிய கருவிக்குள் தமிழை நுழைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

த்வனிக்கு நடந்தது வேறு. சிம்பியூட்டர் சந்தையிலிருந்து மறைந்தது. ஆனால் த்வனியின் மூல நிரல் திறந்து கிடந்ததால் அதனோடு சேர்ந்து மறையவில்லை. கேரளத்தின் சுதந்திர மென்பொருள் தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். மலையாளம் வந்தது, பிறகு மற்ற மொழிகளோடு தமிழும் வந்தது. குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். இருந்தாலும், செய்தவர் வீழ்ந்த பிறகும் செய்த பொருள் அடுத்தவர் கையில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சென்னையில் ஒரு சில்லு

இயங்குதளம் திறந்தாயிற்று, சில்லு? சிம்பியூட்டருக்குள் இருந்ததும் வாங்கிய சில்லுதான். சில்லுக்குப் புரியும் கட்டளைத் தொகுதியே பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி பிறந்த பிறகுதான் இது மாறத் தொடங்கியது. உரிமத்தொகை இல்லாமல் யாரும் அதை வைத்துச் சில்லு வடிவமைக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு அதை வைத்து 'சக்தி' என்ற திட்டத்தை நடத்தியது. 2018 ஜூலையில் அவர்கள் வடிவமைத்த சில்லில் லினக்ஸ் எழுந்து ஓடியது. அந்தச் சில்லை வார்த்துக் கொடுத்தது அமெரிக்காவில் இண்டெலின் ஆலை. அதே ஆண்டே அடுத்த சில்லைச் சண்டிகரில், இந்திய அரசின் குறைக்கடத்தி ஆய்வகத்திலேயே செய்தார்கள். முன்னது 22 நானோமீட்டர், பின்னது 180 நானோமீட்டர். தொழில்நுட்பத்தில் பல தலைமுறை பின்னால். ஆனால் பம்பையும் மீட்டரையும் கட்டுப்படுத்த 22 நானோமீட்டர் எதற்கு? 2025இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிக் கருவிகளுக்காக 'ஐரிஸ்' என்ற சக்தி வகைச் சில்லையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டின் பாதை வேறு. 1972இல் இண்டெல் பினாங்கில் ஆலை திறந்தது முதல் நாம் பெரும்பாலும் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பிக்கொண்டிருந்தோம். வடிவமைப்புக்கும் நகர வேண்டும் என்று 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு மலேசியா ஓர் ஒப்பந்தம் செய்தது. பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர். தேறிய வடிவமைப்பும் பயிற்சியும் உடனே கிடைக்கும் என்பது அதன் பலம். சென்னை வழி மெதுவானது, ஆனால் கட்டணம் இல்லாதது, வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவரக்கூடியது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேச வைத்தால் ஐந்தாம் படிவத்தில் நல்ல விவாதம் கிடைக்கும். நான் எந்தப் பக்கம் என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஐந்து ஆண்டுக்குள் வேலை வேண்டும் என்று நிற்கும் பட்டதாரியிடம் அதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான்.

ஒரு வகுப்பறைப் பயிற்சியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் போய், 'கைப்பேசி பற்றி' என்ற பகுதியில் சட்டத் தகவலைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்த மூல உரிமங்கள் என்று நீண்ட பட்டியல் வரும். யாரும் படிக்காத பக்கம் அது. லினக்ஸ் கெர்னலின் பெயரையும் குனூ பொது உரிமத்தையும் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டு வைஃபை பெட்டியோடு வந்த கையேட்டிலும் தேடட்டும். மூல நிரல் வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம் என்ற வாசகம் பல கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வாசகத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்.